மூணாம் வகுப்பில் ஒடிசாப் பிள்ளை, வாயே திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

சேரன்மகாதேவிப் பக்கத்து டீச்சர்:
எங்களது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவுல பலாங்கீர் மாவட்டத்துல இருந்து வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை, எட்டு வயசு. பொங்கல் கழிஞ்சு மூணாம் வகுப்புல சேர்ந்தா. கணக்கு போடுதா, போர்டைப் பாத்து முத்து முத்தா எழுதுதா. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. மத்த பிள்ளைக "ஊமை"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டுக. ஒண்ணாம் வகுப்புல உட்கார வச்சா அ, ஆ-வுல இருந்து படிப்பாளேன்னு ஒரு யோசனை. மே, ஜூன்ல சூளை முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவாங்க. அதுக்குள்ள என்ன செய்யலாம்?

பொருநைக்கரை:
டீச்சர், ஒண்ணாம் வகுப்புக்கு மட்டும் மாத்தாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்கச் சொல்கிறது. விட்டுப்போனதைத் தனிப்பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், எட்டு வயசுப் பிள்ளைக்கு எட்டு வயசுக் கூட்டாளிகள் வேண்டும். மொழி அவர்களிடமிருந்துதான் முதலில் ஏறும்.

புது மொழிக்குள் வந்த பிள்ளை சில வாரமோ சில மாசமோ பேசாமல் இருப்பது வழக்கம்தான். அந்த நேரத்தில் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, பேசாமலே பாடத்தில் கலந்துகொள்ள வழி வைப்பது. வகுப்பு முழுக்க சிலேட்டில் விடை எழுதித் தூக்கிக் காட்டட்டும். அவள் விடையும் அதில் வந்துவிடும்.

கேள்வியைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் "பென்சில் எது?", தொட்டுக் காட்டினால் போதும். அடுத்து "இது பென்சிலா, பேனாவா?", விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால் ஒரு சொல்லை எடுத்துச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் "இது என்ன?". "ஏன்" ரொம்பப் பிந்தி வரட்டும். நம்மில் பலரும் முதல் நாளே எழுப்பி நிறுத்தி "உன்னைப் பத்திச் சொல்லு" என்கிறோம். அங்கேயே பிள்ளை மூடிக்கொள்ளும்.

கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் கண்டறிந்தார். இன்னொன்று: காத்திருக்கும்போது அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டுவிடாதீர்கள். முதல் வாக்கியத்தைப் பாதி அவிழ்த்திருப்பாள். நீங்கள் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தெக்கத்தி டயட்:
மேலே சொன்னதோடு ஒரு அவசரக் காரியம். தண்ணி, பாத்ரூம், வயிறு வலிக்கு, புரியல, இந்த நாலுக்கும் படம் வரைந்த அட்டைகளை நூலில் கோத்து அவளிடம் கொடுங்கள். கேட்க வாய் வராத பிள்ளை பாத்ரூமுக்குப் பயந்து தண்ணியே குடிக்காது. வெயில் காலம் வேறு.

பேச்சைத் தொடங்கி வைக்க, எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லும் இடங்கள்தான் நல்லது. வருகைப் பதிவில் "உள்ளேன் டீச்சர்". நோட்டு கொடுக்கும் வேலையை அவளிடம் விடுங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு "இந்தா". விளையாட்டு நேரத்தில் "பூப்பறிக்க வருகிறோம்" மாதிரி வரிசையாக நின்று சேர்ந்து பாடுவது. கும்பலோடு பாடும்போது தன் குரல் தனியாகக் கேட்காது. சொல்லாமல் கையை மட்டும் தூக்கினாலும் ஆஜர் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுங்கள்.

"ஊமை" என்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதோடு, அவள் முதலில் பேசும்போது யாரும் கைதட்டக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "ஏலே, பேசிட்டா!" என்று வகுப்பே கத்தினால் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். தப்பாகச் சொன்னால் திருத்திச் சொல்ல வைக்க வேண்டாம். "நான் தண்ணி போ" என்றால், "தண்ணி குடிக்கப் போறியா? போயிட்டு வா" என்று சரியான வடிவத்தை நீங்கள் சொன்னால் போதும்.

வடக்கத்தி மொழிக்காரன்:
பலாங்கீர் என்றால் வீட்டில் பெரும்பாலும் மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி பேசுவார்கள். போன் மொழிபெயர்ப்பில் வருவது கட்டாக் பக்கத்து ஒடியா. சொற்களும் உச்சரிப்பும் மாறும். ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒடியாவில் குறில், நெடிலை வைத்துப் பொருள் மாறாது. அதனால் விடு–வீடு, கல்–கால், பல்–பால் அவள் காதில் எளிதில் பிரியாது. டிக்டேஷனில் துணைக்கால் (ா) விட்டுப்போனால் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். கல், கால், பல், பால் நாலையும் படமாக்கி, நீங்கள் சொல்ல அவள் தொட்டுக் காட்டட்டும், தினம் ஐந்து நிமிஷம். காது பிரித்தபின் வாய் தானாக வரும். ஒடியா எழுத்து படித்தவளாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அதில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து, நம் "பம்பரம்" சொல்லில் ஒரே "ப" இரண்டு விதமாக ஒலிக்கிறது. "ழ"-வை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

சேரன்மகாதேவிப் பக்கத்து டீச்சர்:
ரொம்ப நன்றி. அவ அண்ணன் அஞ்சாம் வகுப்புல இருக்கான், கொஞ்சம் தமிழ் பேசுவான். அவனைக் கூட உட்கார வைக்கலாமா?

தெக்கத்தி டயட்:
வேண்டாம் டீச்சர். அவனே பதில் சொல்லிவிடுவான், இவள் பேச வேண்டிய தேவையே இருக்காது. அவன் படிப்பும் கெடும். பையப் பேசுகிற, பொறுமையான ஒரு பெண்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த விடையையும் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும்.

அண்ணனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வீட்டில் நல்லாப் பேசுவாளா? பேசுவாள் என்றால் பயமில்லை, பொறுக்கலாம். ஆனால் மாசங்கள் ஓடியும் விளையாட்டில்கூடச் சைகை, சிரிப்பு எதுவும் இல்லையென்றால் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சொல்லுங்கள். வீட்டிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது பார்க்கச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
ஊருக்குப் போகுமுன் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் அந்த ஊர்ப் பள்ளி அதைச் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. இதைத் தகப்பனாரிடம் அண்ணனை விட்டே சொல்லச் சொல்லுங்கள். கணக்கில் எதுவரை வந்தாள் என்று ஒரு பக்கம் எழுதி, அவள் போட்ட கணக்கு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அங்குள்ள வாத்தியாருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எண்கள் புரியும்.