நைல் படகுப் பயணம்: லக்சரா, அஸ்வானா, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோயில்களையும் கல்லறைகளையும் பார்ப்பதற்காகவே நைல் நதியில் பயணம் செய்யவிருக்கும் எங்களுக்கு, லக்சரிலிருந்து தெற்கே செல்வது நல்லதா, அஸ்வானிலிருந்து வடக்கே வருவது நல்லதா என்று தெரிந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1: எத்திசையில் சென்றாலும் எட்ஃபு, கொம் ஓம்போ கோயில்கள் வழியில் வந்துவிடும். அஸ்வானிலிருந்து வருவதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில், லக்சரிலுள்ள கர்னாக் கோயிலின் 134 தூண்கள் கொண்ட மண்டபத்தை முதலிலேயே பார்த்துவிட்டால், பிறகு வருபவை சிறுத்துத் தோன்றும்.

மறுமொழி 2: லக்சருக்கு எதிரே, பண்டைய எகிப்திய மன்னர்களின் கல்லறைகள் உள்ள அரசர் பள்ளத்தாக்கின் பொது நுழைவுச்சீட்டில், 1922இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறை அடங்காது, அதற்கும் முதலாம் சேத்தியின் கல்லறைக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் கூடுதலானாலும் சேத்தியையே தேர்ந்தெடுங்கள். துட்டன்காமனுடையது மிகச் சிறியது.

மறுமொழி 3: அஸ்வானுக்கு அருகிலுள்ள பிலே கோயிலைத் தவறவிடாதீர்கள். அணை நீரில் மூழ்கிக்கொண்டிருந்த அதைக் கல் கல்லாகப் பிரித்து, அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் எழுப்பி, 1980இல் திறந்தார்கள்.