லோயர் ஆர்ம் போல்ட் கழலவில்லை, உதவி தேவை

வண்டி 2003 மாருதி 800, அப்பா வாங்கியது. ஊர் தூத்துக்குடி, உப்புக்காற்றில் அடியெல்லாம் துரு. இடது முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் (நடுவில் போல்ட் நுழையும் ரப்பர் உறை) தேய்ந்து, பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' சத்தம். மாற்றலாம் என்று 4 நாளாகப் போராடுகிறேன்.

நட்டு கழன்றுவிட்டது. போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்க வேண்டும், ரப்பரும் சேர்ந்தே முறுக்குகிறது.

டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே) இரண்டு ராத்திரி ஊறவிட்டேன். நீளப் பைப் போட்டுத் திருகினேன். மறையில் பழைய நட்டை மாட்டிச் சுத்தியலாலும் அடித்துப் பார்த்தேன். கேஸ் டார்ச் வைத்ததும் ரப்பர் புகைந்தது, அப்புறம் நிறுத்திவிட்டேன்.

புது புஷ், போல்ட் கையில் இருக்கிறது. ஆர்ம் மாட்டியிருக்கும் பாடி பிராக்கெட்டுக்குச் சேதம் வராமல், புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை ஆக்சா பிளேடால் அறுத்து எடுக்கலாமா?