மங்கிய காலத்தில் நேரில் பார்த்த பேஸ்பால் நட்சத்திரங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சியாட்டிலிலிருந்து:

2019 செப்டம்பர் 26, வியாழன் இரவு. டி-மொபைல் பார்க்கில் இடதுபக்கக் கோட்டோரம், 150ஆம் பிரிவில் மஞ்சள் டி-ஷர்ட்டோடு நின்றிருந்தேன். கையில் 'கே' என்று பெரிதாக அச்சடித்த அட்டை. மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டைக்காரர் அவுட்டாவதுதான் ஸ்ட்ரைக்அவுட். ஸ்கோர் புத்தகத்தில் அதற்குப் போடும் எழுத்து அது. எங்கள் மரைனர்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) 'கிங்' ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் இரண்டு ஸ்ட்ரைக் எடுத்துவிட்டால் போதும், அந்தப் பிரிவே எழுந்து அட்டையை ஆட்டிக்கொண்டு 'கே, கே, கே' என்று கத்தும். 2011இல் தொடங்கிய வழக்கம். 'கிங்ஸ் கோர்ட்' என்று பெயர். ராஜாவின் தர்பார்.

ராஜாவுக்கு அன்று வயது 33. தோளில் பழைய பலம் இல்லை. அந்த சீசன் 1 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த சராசரி ரன் 6.40. ஆனாலும் அரங்கத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும், மரைனர்ஸ் சட்டையில் அவர் எறியும் கடைசி ஆட்டம் இது என்று. ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் ஸ்காட் சர்வைஸ் பந்தை வாங்க வந்தார். ஃபெலிக்ஸ் அழுதுகொண்டே இறங்கினார். என் பக்கத்தில் நின்றவர் அறுபது வயதைத் தாண்டியவர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நானும் அழுதேன். ஆட்டம் 3-1 என்று ஓக்லாண்டுக்குப் போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவருடைய உச்சத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கடைசி இரவின் ஆட்டம் ஒன்றுமே இல்லை. 2012 ஆகஸ்ட் 15, தாம்பா பே ரேஸ் அணிக்கு எதிராக 27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள். ஒருவர்கூட பேஸை மிதிக்கவில்லை. 12 ஸ்ட்ரைக்அவுட், 1-0. 2014இல் தொடர்ந்து 16 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு இன்னிங்ஸுக்குக் குறையாமல், இரண்டு ரன்னுக்கு மேல் கொடுக்காமல் எறிந்தார். 2010ஐ நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அந்த வருடம் சராசரி 2.27. ஆனால் எங்கள் அணி மொத்த சீசனிலும் எடுத்தது 513 ரன், தோற்றது 101 ஆட்டம். அதனால் அவர் கணக்கு வெறும் 13 வெற்றி, 12 தோல்வி. அப்படியும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இப்போது விஷயம். 2025 ஜனவரியில் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டில் முதல்முறை அவர் பெயர் வந்தது. தேவை 75 சதவீதம். கிடைத்தது 20.6. 'நல்ல பிட்சர்தான், ஆனால் 30க்கு மேல் என்ன செய்தார்?' என்பதுதான் எங்கும் கேட்ட வாதம். 2015 முடிவில், 29 வயதில், 143 வெற்றி. அதன்பின் நான்கு வருடத்தில் 26. மொத்தம் 169 வெற்றி, 136 தோல்வி, 3.42 சராசரி.

டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் 165 வெற்றியோடு 30 வயதில் விலகினார். முழங்கை மூட்டுவாதம். கடைசி சீசனில்கூட 27 வெற்றி. 36 வயதில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் ஃபெலிக்ஸ் 30 வயதில் 'தோள் போச்சு, வருகிறேன்' என்று வீட்டுக்குப் போயிருந்தால் அவருடைய சராசரி இன்று எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! போகாமல் நின்று, அடி வாங்கி, திரும்ப எறிந்தாரே, அதற்கா இந்தத் தண்டனை?

நீங்கள் யாரை அந்த மாதிரி மங்கிய காலத்தில் நேரில் பார்த்தீர்கள்? பார்த்தது உங்கள் தீர்ப்பை மாற்றியதா? எழுதுங்கள்.

செயின்ட் லூயிஸிலிருந்து:

படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சுங்க. நான் சொல்றது எங்க கார்டினல்ஸ் அணியில மட்டை பிடிச்ச ஆல்பர்ட் புஹோல்ஸ் பத்தி.

2019 ஜூன் 22, சனிக்கிழமை. அவர் எங்க ஊரை விட்டு ஏஞ்சல்ஸுக்குப் போனது 2011 முடிஞ்சு. அப்போ எங்க தெருவுல பாதிப் பேர் அவர் பேர் போட்ட சட்டையைப் பரண்ல ஏத்திட்டாங்க. பத்து வருஷ ஒப்பந்தம், 24 கோடி டாலர். பணத்துக்காகப் போயிட்டார்னு கோபம். அதுக்கப்புறம் எட்டு வருஷம் கழிச்சு, அந்த வாரம்தான் முதல்தடவையா எதிரணி சட்டையில எங்க புஷ் ஸ்டேடியம் வர்றார். வயசு 39. ஓடும்போது கால் ரெண்டும் நோகுதுன்னு பாக்குற நமக்கே தெரியும்.

அவர் மட்டையைத் தூக்கிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் மொத்த அரங்கமும் எழுந்து நின்னுச்சு. நான் வெறும் பேச்சுக்குச் சொல்லலை, ஒவ்வொரு தடவையும். அன்னைக்கு ஒரு ஹோம் ரன் அடிச்சார், எங்க அணிக்கு எதிராத்தான். கார்டினல்ஸ் ரசிகர்கள் உட்காரவே மாட்டேன்னுட்டாங்க. அவர் டக்அவுட்ல இருந்து திரும்ப வெளியே வந்து ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். சொந்த ஊர்ல எதிரணி ஆளுக்கு இப்படி ஒரு மரியாதை! என் வீட்டுக்காரருக்கு பேஸ்பால் ஒண்ணும் தெரியாது, 'யாருடி இவரு?'ன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியலை, தொண்டை அடைச்சுக்கிச்சு.

2021 மே மாசம் ஏஞ்சல்ஸ் அவரை விட்டுட்டாங்க. எல்லாரும் முடிஞ்சுதுன்னாங்க. 2022ல எங்ககிட்டயே திரும்பி வந்தார். அந்த ஒரு சீசன்ல மட்டும் 24 ஹோம் ரன், மொத்தம் 703. ஏஞ்சல்ஸ்ல இருந்த வருஷங்களை அவர் கணக்குல இருந்து கழிக்கணும்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அவர் ஹால் ஆஃப் ஃபேம் உள்ள போவாரா இல்லையான்னு எனக்குக் கவலையே இல்லை, நிச்சயம் போவார். ஆனா அந்த வருஷங்கள்லதான் அவரை நான் ரொம்ப நேசிச்சேன்.

நியூ ஜெர்சியிலிருந்து:

நியூயார்க் யாங்கீஸ் அணி ஆள் நான், திட்டாதீங்க.

2019 அக்டோபர் 17. லீக் சாம்பியன்ஷிப் நாலாவது ஆட்டம், ஹூஸ்டனுக்கு எதிரா, யாங்கீ ஸ்டேடியம். எங்க பிட்சர் சி.சி. சபாதியா எட்டாவது இன்னிங்ஸ்ல வந்தார். வயசு 39, வலது முட்டியில தேய்மானம், போகும்போதே இழுத்து இழுத்துத்தான் போனார். எறிஞ்சுகிட்டே இருந்தவர் திடீர்னு நின்னுட்டார். தோள்மூட்டு விலகிடுச்சு. டாக்டர், மேனேஜர் எல்லாரும் ஓடி வந்தாங்க. அவர் என்ன பண்ணார் தெரியுமா? ஒரு பந்தை எறிஞ்சு பாக்கறேன்னார். மூட்டு நழுவின கையோட! எறிஞ்சார். முடியலை. முகத்தைக் கையால மூடிக்கிட்டு இறங்கினார். அதோட அவர் ஆட்டம் முடிஞ்சுது. மறுபடி களத்துக்கு வரவே இல்லை.

சியாட்டில் நண்பரே, உங்களோட பாதி ஒத்துப்போறேன், பாதி இல்லை. சபாதியாவுக்கும் 30க்கு மேல வேகம் போச்சு. 2013ல இருந்து மூணு வருஷம் நாங்களே அவரைத் திட்டினோம். 2015 அக்டோபர்ல, அணி பிளேஆஃப், அதாவது சீசன் முடிஞ்சு நடக்கிற பட்டப் போட்டி, ஆடப்போற நேரத்துல, குடியிலிருந்து மீள சிகிச்சைக்குப் போறேன்னு வெளிப்படையாச் சொல்லிட்டுப் போனார். திரும்பி வந்தவர் கட்டர் பந்தைக் கத்துக்கிட்டார். வேகப்பந்து மாதிரியே கிளம்பி, கடைசி நொடியில லேசா வெட்டித் திரும்பும். மட்டையோட கழுத்துல பட்டு சவசவன்னு உருளும். அதை வச்சே கடைசி நாலு வருஷம் ஓட்டினார். 251 வெற்றி, 3,093 ஸ்ட்ரைக்அவுட். 2025ல முதல் ஓட்டுலயே 86.8 சதவீதம்.

ஃபெலிக்ஸ் வேகம் போனதுக்கு அப்புறமும் பழைய ஃபெலிக்ஸாவே எறியப் பார்த்தார்னு தோணுது. அது வீரம்தான், மறுக்கலை. ஆனா வயசான பிட்சர் வேற பிட்சரா மாறுறதும் ஒரு திறமைதானே? அதுக்கு மதிப்பெண் உண்டா இல்லையா?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 உலகத் தொடர், அதாவது சீசனின் இறுதிப் போட்டி, மூன்றாவது ஆட்டம், அக்டோபர் 27. பன்னிரண்டாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தின் கதவு திறந்து வந்தது எங்கள் டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா. ஓய்வை ஏற்கெனவே அறிவித்துவிட்டார். அந்தத் தொடரோடு முடிவு. டாட்ஜர் ஸ்டேடியத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்மணி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எத்தனை அக்டோபர் பிளேஆஃப்களில் அந்த மனிதர் குனிந்த தலையோடு இறங்கியதைப் பார்த்திருக்கிறோம்! இந்த முறை தரையோடு உருண்ட பந்து, அவுட். ஆட்டம் 18 இன்னிங்ஸ் போய், ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன்னில் ஜெயித்தோம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் பேசியது அந்த ஒரே ஒரு அவுட்டைப் பற்றித்தான்.

ஆல்பனியிலிருந்து:

சியாட்டில் தம்பி, உணர்ச்சி புரிகிறது. ஆனாலும் நான் ஹால் ஆஃப் ஃபேம் கதவு குறுகலாக இருக்க வேண்டும் என்கிற கட்சி. 

கூஃபாக்ஸோடு ஒப்பிடும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவருக்கு மூன்று சை யங், நான்கு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). 1963லும் 1965லும் உலகத் தொடரின் சிறந்த வீரர். உலகத் தொடரில் அவர் சராசரி 0.95. ஃபெலிக்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட எறியவில்லை. அவர் குற்றம் அல்ல, தெரியும். ஆனால் எறியாத ஆட்டத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஃபெலிக்ஸைச் சேர்த்தால் பிட்சர் யோஹான் சாந்தானாவுக்கு என்ன பதில்? இரண்டு சை யங் வாங்கியவர், 139 வெற்றி. 2018இல் முதல் ஓட்டிலேயே 2.4 சதவீதம். 5 சதவீதம் இல்லாததால் பட்டியலிலிருந்தே போய்விட்டார்.

இப்போது என் அனுபவம். கூப்பர்ஸ்டவுன் எனக்குப் பக்கம்தான். 2025 ஜூலை 27, பதவியேற்பு விழாவுக்குப் போயிருந்தேன். மழையால் தாமதமாகத்தான் தொடங்கியது. புல்வெளி முழுக்க 51ஆம் எண் சட்டைகள், ஜப்பானிலிருந்து வந்த குடும்பங்கள். அந்த எண் இச்சிரோ சுசுகியுடையது. 394 ஓட்டில் 393 வாங்கியவர். ஆங்கிலத்திலேயே பேசினார். கைதட்டிக் கை சிவந்துவிட்டது.

ஆனால் எனக்குள் தங்கிவிட்டது வேறு. டேவ் பார்க்கர் இடத்தில் அவர் மகன் வந்து நின்றார். பார்க்கர் 1978இல் நேஷனல் லீகின் சிறந்த வீரர். பத்திரிகையாளர்கள் ஓட்டில் 15 வருடம் நிராகரித்தார்கள். 2024 டிசம்பரில் ஒரு குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. பார்க்கின்சன் நோயோடு போராடியவர், விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், ஜூன் 28 அன்று இறந்தார். அந்த நாளுக்காக அவரே எழுதிவைத்த கவிதையை மகன் படித்தார். அதே விழாவில் சேர்க்கப்பட்ட டிக் ஆலன் 2020இலேயே இறந்துவிட்டார். அவருக்காக அவர் மனைவி பேசினார்.

திரும்பி வரும்போது காரில் ரேடியோகூடப் போடவில்லை. கதவு குறுகலாகவே இருக்கட்டும். ஆனால் ஒருவருக்குத் திறப்பதென்றால், அவர் நடந்து வரக்கூடிய காலத்தில் திறக்க வேண்டும். ஃபெலிக்ஸ் பற்றி என் கருத்து மாறவில்லை. மாறும் என்றும் தோன்றவில்லை. மாறுகிறவர்கள் சீக்கிரம் மாறட்டும்.

மீண்டும் சியாட்டிலிலிருந்து:

ஆல்பனி அண்ணா, பார்க்கர் மகன் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சாந்தானா விஷயத்தில் உங்கள் கேள்விக்கு என் பதில் நேரானது: அவரையும் சேர்த்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் அவரைத் தூக்கி எறிந்தது தவறு. அந்தத் தவறை அளவுகோலாக வைத்து அடுத்தவரை அளக்கக் கூடாது.

பிளேஆஃப் பற்றிச் சொன்னது வலிக்கிறது, ஆனால் நியாயம். 2001க்குப் பிறகு 2022 வரை எங்கள் ஊர் பிளேஆஃப் பார்க்கவில்லை. அவர் எறிந்த 15 வருடமும் அந்தப் பாலைவனத்துக்குள்தான். 2013இல் ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதும் கண்ணீர் விட்டார், நம்மோடே இருக்கிறேன் என்று. வேறு ஊருக்குப் போயிருந்தால் அக்டோபரில் எறிந்திருப்பார்.

ஜெர்சி நண்பரே, கட்டர் பற்றி நீங்கள் சொன்னதற்கு எனக்குப் பதில் இல்லை. சபாதியா மாறினார், இவர் மாறவில்லை. அது உண்மை. வயதோடு மாறுவதற்கு மதிப்பெண் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். அதை எட்டாதவரின் முதல் பதினோரு வருடத்தை அதனால் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

நம்பிக்கை எனக்கு எங்கள் மரைனர்ஸின் பழைய வீரர் எட்கர் மார்டினஸிடமிருந்து வருகிறது. ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டில் 2010இல் 36.2 சதவீதத்தில் தொடங்கியவர், 2014இல் 25.2க்கு இறங்கினார். 'களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடித்தவர்' என்று ஒதுக்கினார்கள். பத்தாவது, கடைசி வருடமான 2019இல் 85.4. ஃபெலிக்ஸுக்கு 5 சதவீதத்துக்குக் கீழே போகாதவரை 2034 வரை காலம் இருக்கிறது.

அண்ணா, ஒரு உதவி. கூப்பர்ஸ்டவுனில் ஜூலை விழா வாரத்துக்குத் தங்க இடம் எத்தனை மாதம் முன்னால் பிடிக்க வேண்டும்? நாங்கள் நான்கு பேர் வருவோம். மஞ்சள் டி-ஷர்ட் கைவசம் இருக்கிறது.