புதுப்பிப்பு: வாடை போயிற்று, வேட்டியும் பரவாயில்லை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் துவைத்தும் வெள்ளை வேட்டி பழுப்படிக்கிறது, துண்டு அப்பளமாக விறைக்கிறது, கதவைத் திறந்தால் ஊறின வாடை என்று. நீங்கள் சொன்னதில் பாதியைச் செய்துபார்த்தேன்.

முதல் குற்றவாளி தண்ணீர்தான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புத்தூளின் வேலையைக் கெடுத்துவிடுகின்றன. இப்போது குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில் தொட்டியை நிரப்பி வெள்ளைத்துணி போடுகிறேன். தூளையும் பாதியாகக் குறைத்தாயிற்று.

அப்புறம் மெஷின் கதவு வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். மடிப்பை விரித்தால் உள்ளே வழவழவென்று கருப்புப் படலம், ஒரு ஹேர்பின், 5 ரூபாய்க் காசு, நைந்துபோன திருநீற்றுப் பொட்டலம்! துடைத்தெடுத்து, துணியில்லாமல் 60 டிகிரி வெந்நீரில் ஒருமுறை ஓடவிட்டேன். வாடை போயே போயிற்று. துவைத்து முடிந்ததும் கதவை ஒருக்களித்து வைக்கிறேன். "ஏல, பல்லி உள்ள போயிரும்" என்று அம்மா தினமும் சாத்திவிடுகிறாள். அது தனிப் போராட்டம்.

கடைசி அலசலில் துணி மென்மையாக ஊற்றும் வாசனைத் திரவத்தை நிறுத்தியதும் துண்டு மறுபடி ஈரத்தை உறிஞ்சுகிறது.

ஒரு சட்டையிலிருந்த வாழைக்கறை மட்டும் அசையவில்லை. அந்தச் சட்டையை வயலுக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.