ஏற்காட்டில் கரண்ட் போனால் டவரும் போகிறது: மெஷ் நெட்வொர்க் உதவுமா?

மிளகுக்கொடி:
அப்பாவுக்கு நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். நான் கீழே கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். போன வருடம் மலைப்பாதையில் மரம் சாய்ந்து ரோடு அடைத்திருந்தது. அப்பாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்ல வழியில்லை. பத்தாவது வளைவு வரை பைக்கில் நனைந்துகொண்டே போய்த் திரும்பினேன். சிம், ரீசார்ஜ் எதுவும் வேண்டாமல், பெட்டிக்குப் பெட்டி ரேடியோவில் செய்தி கைமாறும் மெஷ் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாமே? இரண்டு பெட்டி வாங்கி வைத்தால் வாட்ஸ்அப் ஓடுமா?

கோரிமேட்டுக்காரன்:
ஓடாது தம்பி. படம், குரல், இன்டர்நெட் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். மெஷ்டாஸ்டிக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. லோரா என்ற, குறைந்த சக்தியில் தூரம் போகிற ரேடியோ உள்ள சின்ன போர்டில் அதை ஏற்றி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால் எழுத்துச் செய்தி மட்டும் போகும். நம் நாட்டில் 865–867 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் அனுப்ப லைசென்ஸ் வேண்டாம் என்பதால் இது சாத்தியம்.

ஒரு செய்திக்கு 200 பைட் சொச்சம்தான் இடம். தமிழில் ‘க’வுக்கு மூன்று பைட், ‘கு’வுக்கு ஆறு. அதனால் தந்தி மாதிரி எழுதப் பழகுங்கள். ‘மரம் விழுந்தது வராதே’ தாராளமாக அடங்கும். மாமியார் வீட்டு நியாயமெல்லாம் அடங்காது.

உங்கள் உண்மையான சிக்கல் மலை. கன்னங்குறிச்சி தெற்கு அடிவாரம், நாகலூர் ஏற்காடு ஊருக்கு வடக்கே. நடுவில் சேர்வராயன் மலையே நிற்கும்போது இரண்டு பெட்டி ஒன்றையொன்று பார்க்காது. சமவெளியில் தடையில்லாத பாதையில் பல கிலோமீட்டர் போகிற சிக்னல், சில்வர் ஓக் மரத்துக்கு அடியில், அதுவும் ஈர இலைக்குள், சோர்ந்துவிடும். நான் முதலில் ஆண்டெனாவை ஜன்னலோரம் வைத்துவிட்டு ரேடியோ கெட்டுப்போச்சு என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடிக்கு ஏற்றியதும் சரியாகிவிட்டது.

சேலம் தெரியும் மலை விளிம்பில் ஒரு நோடு (இதே மாதிரி ரேடியோப் பெட்டிதான்), அதற்கும் தோட்டத்துக்கும் பார்வை உள்ள மேட்டில் இன்னொன்று வேண்டும். ஒவ்வொன்றும் கேட்டதை வாங்கித் திரும்பச் சொல்லும். ஒரு செய்தி இப்படிப் பெட்டி விட்டுப் பெட்டி வழக்கமாக மூன்று தாவல் போகும், அதிகபட்சம் ஏழு. நடு நோடுக்குக் குறைந்த கரண்டில் ஓடும் என்ஆர்எஃப்52 சிப் உள்ள போர்டு வாங்குங்கள். இஎஸ்பி32 சிப் கரண்டைக் குடிக்கும், சின்ன சோலார் தாங்காது.

மிளகுக்கொடி:
அடுத்தவர் வீட்டு நோடு வழியாகப் போனால் அவர்கள் படித்துவிட மாட்டார்களா?

கோரிமேட்டுக்காரன்:
ஆரம்பத்தில் வரும் சேனலின் சாவி, அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் குறியீடு, ஊருக்கே தெரியும். உங்களுக்கென்று தனி சேனலும் சாவியும் போட்டுவிடுங்கள். அப்புறம் வழியில் உள்ளவர் சுமப்பார், படிக்க முடியாது.

ஸ்பெயினில் கட்டலோனியாவில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி நெட் என்ற மக்கள் நெட்வொர்க்கும் இப்படி அடுத்தவர் கூரை வழியாகத்தான் வளர்ந்தது. கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களில் ஆட்களே வைஃபை ஆண்டெனாவைக் கூரைக்குக் கூரை இணைத்து இன்டர்நெட்டே கொண்டுவந்தார்கள். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கூரையை யாராவது தர வேண்டும்.

லேடீஸ்சீட் பக்கத்து அக்கா:
எங்கள் மாடியிலிருந்து ராத்திரியில் சேலம் விளக்கு முழுக்கத் தெரியும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், ஏணி இருக்கிறது. வயரை மட்டும் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். டிஷ் கேபிளை இரண்டு தடவை குரங்கு பிய்த்துவிட்டது.