சொந்த மெர்ச்சன்ட் அக்கவுண்டா, மூன்றாம் தரப்பு பில்லிங்கா?

கேள்வி: ஆன்லைனில் ஜாதகச் சந்தா விற்கிறேன். கார்டில் பணம் வாங்கச் சொந்த மெர்ச்சன்ட் அக்கவுண்ட் கேட்டால், 'ஹை ரிஸ்க்' (ஆபத்து அதிகமுள்ள தொழில்) என்று 2 வங்கிகள் கைவிரித்துவிட்டன. வேறொரு கம்பெனி தன் பெயரில் பணம் வசூலித்து நமக்குத் தரும் மூன்றாம் தரப்பு பில்லிங்கில் கமிஷன் அதிகம். எதில் போகலாம்?

பதில் 1: கமிஷனை மட்டும் பார்க்காதீர்கள். சொந்த அக்கவுண்டிலும் ரோலிங் ரிசர்வ் உண்டு, அதாவது விற்பனைப் பணத்தில் ஒரு பங்கைப் பிணையாகச் சில காலம் பிடித்து வைப்பார்கள். என் விற்பனையில் 10 சதவீதத்தை 6 மாதம் பிடித்து வைத்தார்கள். லாபம் ஏட்டில் இருந்தது, விளம்பரத்துக்குக் கட்டக் கையில் காசில்லை. சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது) கூடி, வங்கி நம் கணக்கை மூடினால், மாஸ்டர்கார்டின் மேட்ச் பட்டியலில் (இப்படிக் கணக்கு மூடப்பட்ட வியாபாரிகளின் பட்டியல்) பெயர் ஏறலாம். ஏறினால் 5 வருஷம் இருக்கும். தொடக்கத்தில் மூன்றாம் தரப்பே நல்லது.

பதில் 2: சரிதான், ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். கார்டு ஸ்டேட்மென்ட்டில் பில்லிங் கம்பெனி பெயர்தான் வரும். "இது யார், நான் எதுவும் வாங்கவில்லையே" என்று வாடிக்கையாளர் நேராக வங்கிக்குப் போன் போடுவார். பணம் கட்டும் பக்கத்திலேயே அந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டேன், புகார் குறைந்தது. அப்புறம், விலகினால் சந்தாதாரர்களின் கார்டு விவரத்தை மாற்றித் தருவார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். எனக்குத் தரவில்லை, எல்லோரையும் மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று.

கேள்வி கேட்டவர்: அந்த ஷரத்து என் ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.