எனது ஜிபிஎல் நிரலை மூடிய மென்பொருளில் வைத்து விற்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கொக்குவிலான்:
வணக்கம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகளை இன்றைய பொதுத் தரமான யுனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதி, ஜிபிஎல் 3 உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், ஆனால் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்) வெளியிட்டிருக்கிறேன். இங்குள்ள அச்சகங்களில் எத்தனையோ நினைவு மலர்கள் பாமினியிலேயே முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை மீட்கத்தான் எழுதினேன். இப்போது ஒரு கம்பனி அதைத் தன் பெயரில் விற்கிறது. மூலநிரலும் இல்லை, உரிமக் குறிப்பும் இல்லை. கஸ்தூரியார் வீதியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் வாங்கியதைத் திறந்து பார்த்தேன். 'ஸ்ரீ', 'கௌ' இரண்டையும் சோதிக்க நான் எழுதிய 'ஸ்ரீதரன் கௌரியோடு நல்லூர்த் தேருக்குப் போனான்' என்ற வரி உள்ளே அப்படியே இருக்கிறது! மனம் கொதிக்கிறது. முகநூலில் போட்டுவிடலாமா?

பனங்கூடல்:
பொறுங்கள் தம்பி. பகிரங்கப்படுத்திய பிறகு அவர்கள் பேச வரமாட்டார்கள், சண்டைக்குத்தான் வருவார்கள். விற்பது மீறல் அல்ல, ஜிபிஎல் அதை அனுமதிக்கிறது. மூலநிரலையும் வாங்கியவருக்குத்தான் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அல்ல. ஆகவே நண்பரே அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பட்டும். பற்றுச்சீட்டு, நிறுவல் கோப்பின் பிரதி, அதன் ஷா-256 ஹாஷ் (கோப்பு பின்னர் மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்), அந்தச் சோதனை வரியின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் இன்றே திகதியோடு சேமித்து வையுங்கள். நாளை புதிய பதிப்பில் அந்த வரி காணாமல் போகலாம்.

வடலி:
உரிமத்தின் 8 ஆம் பிரிவைப் படியுங்கள். உங்களிடமிருந்து முதல் தடவையாக அறிவித்தல் பெறுபவர், 30 நாட்களுக்குள் மீறலைத் திருத்திக்கொண்டால், மீறலால் அவர் இழந்த உரிமம் நிரந்தரமாக மீள்கிறது. ஜிபிஎல் 2 இல் இந்த அவகாசம் கிடையாது. எனவே கடிதத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்: பதிப்புரிமைக் குறிப்பு, உரிமத்தின் பிரதி, முழு மூலநிரல். அசையாவிட்டால் சட்டத்தரணியிடம் போகலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பதிப்புரிமையைப் பதிவுசெய்திருக்க வேண்டியதில்லை.

கொக்குவிலான்:
நன்றி அண்ணா. மூலநிரலைத் திறக்க மாட்டோம், பணம் தருகிறோம் என்றால்?

வடலி:
தனி உரிமம் விற்கலாம், ஆனால் நிரல் முழுவதும் உங்களுடையதாக இருந்தால் மட்டும். வேறு யாராவது திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார்களா?

கொக்குவிலான்:
ஆம், கிரந்த எழுத்துப் பகுதி முழுவதும் இன்னொருவர் எழுதியது.

வடலி:
அப்படியானால் அந்தப் பகுதியின் பதிப்புரிமை அவருடையது. அவர் சம்மதிக்காமல் விலை பேசாதீர்கள். கடிதத்திலும் அவருடைய பெயர் சேரட்டும்.

கொக்குவிலான்:
அவரோடு பேசிவிட்டேன், கையெழுத்திடுகிறார். வரைவை இங்கே இடட்டுமா?

பனங்கூடல்:
இடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறோம். கம்பனியின் பெயரை மட்டும் நீக்கிவிடுங்கள்.